சுவருக்கு இந்தப் பக்கம்: இங்கிலாந்தின் மேனர் வீடுகள் பற்றி ஓர் அறிமுகம்

எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் நின்றால் எதிரே தெரிவது ஒரு சுவர்தான். துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் கல், ஒன்றரை ஆள் உயரம், சாலையோடு சேர்ந்து வளைந்து வளைந்து இரண்டு மைலுக்குப் போகிறது. நார்த்தாம்ப்டன்ஷயருக்குக் குடிவந்த புதிதில் அது ஏதோ ராணுவ இடம், இல்லாவிட்டால் ஜெயில் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டுப் பாட்டியிடம் ஒருநாள் கேட்டேன். "அது ஹவுஸ்" என்றார். எந்த ஹவுஸ் என்று கேட்டதற்கு, "ஹவுஸ்தான்" என்று மறுபடியும் அதையே சொன்னார். ஊரில் இருநூறு வீடு இருக்கிறது, ஆனால் பெயரே சொல்லாமல் 'ஹவுஸ்' என்றால் அது ஒன்றுதான்.

சொந்த ஊரிலிருந்து யார் வந்தாலும் இப்படி ஏதாவது ஒரு பெரிய வீட்டைக் காட்டக் கூட்டிப்போவது இங்கே எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. போன இடத்தில் எல்லோரும் கேட்பதும் ஒரே கேள்வி: மேனர் என்றால் என்ன, அரண்மனையா, ஜமீன் பங்களாவா? அரண்மனை என்பது ராஜாவுக்கோ பிஷப்புக்கோ உரியது, அதனால் அது இல்லை. ஜமீன் பங்களா கொஞ்சம் கிட்டே வருகிறது. ஆனால் குழப்பம் வேறு இடத்தில் இருக்கிறது. மேனர் என்ற சொல், வீட்டின் பெயராக ஆவதற்கு முன்னால், ஓர் உரிமையின் பெயர். இன்ன நிலம், அதில் குடியிருக்கும் இன்ன ஆட்கள், அவர்கள் தர வேண்டிய உழைப்பு, குத்தகை, அபராதம், மாவு ஆலை, காடு, குளத்து மீன் எல்லாம் சேர்ந்த ஒரு மூட்டை. அந்த மூட்டையை வைத்திருப்பவர் மேனரின் லார்டு. அவர் வந்து தங்கும், அல்லது அவருடைய காரியஸ்தர் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் இடம் மேனர் ஹவுஸ். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

1066இல் நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம், நிலம் முழுக்கத் தன்னுடையது என்று வைத்துக்கொண்டு தன் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். இருபது வருஷம் கழித்து, யாரிடம் என்ன இருக்கிறது, எத்தனை ஏர், எத்தனை ஆலை, எவ்வளவு தேறும் என்று பெரிய கணக்கெடுப்பு ஒன்று நடத்தினார். 1086இல் எடுத்த அந்த டூம்ஸ்டே கணக்கில் 13,000க்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன, அதில் திரும்பத் திரும்ப வரும் சொல் மேனர். ஓர் ஊருக்கு ஒரு மேனர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே ஊரை மூன்று மேனர்கள் பங்கு போட்டிருக்கும், ஒரே மேனர் நாலு ஊரில் கால் நீட்டியிருக்கும்.

நிலத்தில் ஒரு பகுதியை லார்டு தன் சொந்தப் பண்ணையாக வைத்துக்கொள்வார். மீதி, வேலியே இல்லாத பெரிய வயல்களில் நீள நீளமான பட்டைகளாகக் குடியானவர்களுக்கு. ஒருவருக்கு இங்கே ஒரு பட்டை, அரை மைல் தள்ளி இன்னொரு பட்டை. அதற்குப் பதிலாக அவர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் பண்ணையில் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும், அறுப்புக் காலத்தில் இன்னும் கூடுதலாக. மகளுக்குக் கல்யாணம் என்றால் லார்டுக்குப் பணம் கட்ட வேண்டும். குடும்பத் தலைவர் செத்தால் தொழுவத்தில் இருப்பதிலேயே நல்ல மாடு லார்டுக்குப் போகும். தானியத்தை லார்டின் ஆலையில்தான் அரைக்க வேண்டும். கேட்காமல் ஊரை விட்டுப் போகவும் முடியாது. இப்படிக் கட்டுண்டு கிடந்த குடியானவருக்கு இருந்த பெயர் வில்லன். ஆமாம், நம்பியார் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாரே, அதே வில்லன்தான். பண்ணை வீட்டைச் சேர்ந்தவன் என்பதுதான் மூலப் பொருள். மேலே இருப்பவர்கள் பேசிப் பேசியே பண்ணையாள் என்ற சொல்லை அயோக்கியன் என்ற அர்த்தத்துக்கு இறக்கிவிட்டார்கள். அந்தச் சொல் கப்பலேறி நம் சினிமா வரைக்கும் வந்துவிட்டது.

மேனருக்குத் தனி கோர்ட் உண்டு. யார் மாடு யார் பயிரில் வாய் வைத்தது, யார் வரப்பைத் தள்ளிப் போட்டது, யார் செத்தார், அவர் பட்டை யாருக்குப் போகிறது என்று எல்லாவற்றையும் தோல் சுருளில் எழுதி வைப்பார்கள். 1348இல் வந்த கொள்ளைநோய் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஆட்களைக் கொண்டுபோனது. உழ ஆள் இல்லை, மிஞ்சியவர்கள் கூலி கேட்டார்கள், கூலியை உயர்த்தக் கூடாது என்று சட்டம் போட்டார்கள், கடைசியில் 1381இல் கலகம் வெடித்தது. கலகக்காரர்கள் பல மேனர்களில் தேடிப் பிடித்துக் கொளுத்தியது இந்தச் சுருள்களைத்தான். அவர்களை அடிமையாக்கி வைத்திருந்தது வீட்டுச் சுவர் இல்லை, அந்தக் காகிதம் (தோல் என்று சொல்ல வேண்டும்) என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அப்புறம் கூலியில்லா வேலை மெல்ல மெல்ல ஒழிந்து, வாடகையாக மாறியது. கோர்ட் சுருளில் இருக்கும் பதிவின் நகல் ஒன்றைக் குடியானவர் கையில் கொடுப்பார்கள், அதுதான் அவருக்குப் பட்டா. இந்த நகல் பட்டா முறை சட்டப்படி முடிவுக்கு வந்த தேதி 1926 ஜனவரி 1. ரேடியோ வந்துவிட்டது, ரயில் வந்து நூறு வருஷம் ஆகிவிட்டது, அதுவரைக்கும் இது ஓடியிருக்கிறது. பழைய வயல் முறையும் மேனர் கோர்ட்டும் மட்டும் இன்னும் ஓடுகிற இடம் ஒன்று உண்டு: நாட்டிங்காம்ஷயரில் லாக்ஸ்டன் என்ற கிராமம். வேலியில்லாத மூன்று பெரிய வயல்கள், பட்டை பட்டையாகப் பங்கு, வருஷத்துக்கு ஒருமுறை கூடி அபராதம் போடும் மேனர் கோர்ட், எல்லாம் இன்றைக்கும் நடக்கிறது. இன்னொரு வேடிக்கை, 2013 அக்டோபருக்குள் பழைய மேனர் உரிமைகளைப் பதிவு செய்யாவிட்டால் சட்டப் பாதுகாப்பு போய்விடும் என்று கெடு வைத்தார்கள். உடனே வீடு வாங்கிச் சும்மா குடியிருந்த எத்தனையோ பேருக்கு, 'உங்கள் நிலத்துக்கு அடியில் இருக்கும் கனிமங்கள் மேல் மேனரின் லார்டு உரிமை கோரியிருக்கிறார்' என்று பதிவுத் துறையிலிருந்து கடிதம் போயிற்று. பயந்துபோய் வக்கீலிடம் ஓடியவர்கள் நிறைய.

சரி, வீட்டுக்கு வருவோம்.

ஆரம்ப கால மேனர் வீடு என்பது ஏறக்குறைய ஒரே ஓர் அறை. அதன் பெயர் ஹால். நடுவில் தரையில் நெருப்பு, புகை கூரையைத் துழாவிக்கொண்டு வெளியே போகும், லார்டிலிருந்து குதிரைக்காரன் வரைக்கும் அங்கேதான் சாப்பாடு, பாதிப் பேருக்குப் படுக்கையும் அங்கேதான். ஒரு கோடியில் மேடை போட்டு லார்டின் மேஜை. எதிர்க் கோடியில் மரத் தடுப்பு, அதற்குப் பின்னால் இரண்டு சின்ன அறைகள். ஒன்றில் ரொட்டி, இன்னொன்றில் பீர் பீப்பாய். மேடைக்குப் பின்னால், மாடிப்படி ஏறினால், லார்டின் குடும்பத்துக்கு மட்டும் ஓர் அறை. இந்த அமைப்பை அப்படியே பார்க்க வேண்டுமானால் கெண்ட் பக்கம் பென்ஸ்ஹர்ஸ்டுக்குப் போகலாம். 1341ஆம் வருஷத்து ஹால், நடுவில் எண்கோண அடுப்பு இன்னும் இருக்கிறது, அண்ணாந்து பார்த்தால் கூரை மரங்கள் எங்கோ தெரிகின்றன. நான் போனபோது ஒரு குழந்தை கத்தியது, அந்தச் சத்தம் மேலே போய்ச் சுற்றிவிட்டு இறங்கி வர நேரமானது.

பிறகு புகைபோக்கி வந்தது, ஒவ்வோர் அறைக்கும் தனி நெருப்பு சாத்தியமாயிற்று. லார்டு ஹாலில் சாப்பிடுவதை நிறுத்தி மாடிக்குப் போய்விட்டார். வேலைக்காரர்களுக்கு மட்டும் ஹால் மிஞ்சியது, பிறகு அவர்களையும் நிலவறைப் பக்கம் தள்ளிவிட்டார்கள். இன்றைக்கு இங்கே வீட்டுத் தரகர் விளம்பரத்தில் 'ஹால்' என்று போட்டிருந்தால் அது வாசல் கதவைத் திறந்ததும் செருப்பும் குடையும் கிடக்கும் குறுகலான நடை. ஊரே கூடிச் சாப்பிட்ட அறை செருப்பு விடும் இடமாக ஆனதைப் போல ஒரு சரித்திரச் சுருக்கம் வேறு எதிலும் கிடைக்காது என்று எனக்குத் தோன்றும்.

மேனர் ஹவுஸ் என்றால் பிரமாண்டம் என்று எதிர்பார்ப்பவர்களை நான் முதலில் கூட்டிப்போவது லிங்கன்ஷயரில் இருக்கும் உல்ஸ்தார்ப் மேனருக்கு. ஐசக் நியூட்டன் 1642 கிறிஸ்துமஸ் அன்று பிறந்த வீடு. வெளியிலிருந்து பார்த்தால் வசதியான ஒரு விவசாயியின் கல்வீடு, அவ்வளவுதான். ஆனால் நியூட்டனின் அப்பா அந்தச் சின்ன மேனரின் லார்டு. கையெழுத்துப் போடத் தெரியாதவர், இருந்தும் லார்டு. 1665இல் பிளேக் வந்து கேம்பிரிட்ஜை மூடியபோது மகன் இங்கேதான் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஆப்பிள் மரம் இன்னும் இருக்கிறது. 1820இல் காற்றில் சாய்ந்து, மறுபடி வேர்விட்டு எழுந்த மரம். பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளாதவர்களே இல்லை, நான் உட்பட.

அப்படியானால் சினிமாவிலும் சீரியலிலும் வரும் முந்நூறு ஜன்னல் வைத்த மாளிகைகள்? அவை நிலத்தோடு வேறு பணமும் சேர்ந்ததால் எழுந்தவை. எட்டாம் ஹென்றி 1536 தொடங்கி நாலு வருஷத்தில் மடாலயங்களை எல்லாம் கலைத்து நிலத்தை விற்றபோது, மடங்களை வாங்கியவர்கள் அதையே வீடாக்கிக்கொண்டார்கள். சாமியாரே இல்லாத வீட்டுக்கு 'அபி', அதாவது மடாலயம், என்று பெயர் இருப்பது அதனால்தான். அப்புறம் கம்பளி, நிலக்கரி, கரீபியன் சர்க்கரை, அந்தச் சர்க்கரைக்குப் பின்னால் இருந்த அடிமைகள், இந்தியா.

இதில் மதராஸுக்கு நேரடித் தொடர்பே உண்டு. தாமஸ் பிட் என்பவர் 1698 முதல் 1709 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். அங்கே இருக்கும்போது 48,000 வராகன் கொடுத்து ஒரு பெரிய வைரத்தை வாங்கினார். 1717இல் பிரான்ஸின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவருக்கு அதை 1,35,000 பவுண்டுக்கு விற்றார். அந்த வருஷமே கார்ன்வாலில் போகானக் என்ற எஸ்டேட் அவர் கைக்கு வந்தது. இதைவிட சுவாரஸ்யம், மதராஸ் கவர்னர் ஆவதற்கு முன்பே அவர் ஓல்டு சாரம் என்ற மேனரை வாங்கியிருந்தார். ஓல்டு சாரத்தில் வீடும் கிடையாது, ஆளும் அநேகமாகக் கிடையாது. புல் முளைத்த ஒரு குன்று. ஆனால் அந்தக் குன்றுக்கு இரண்டு எம்.பி.க்களை அனுப்பும் உரிமை இருந்தது, 1832 வரைக்கும். மேனர் என்பது உரிமையின் பெயர் என்று முதலில் சொன்னேனே, அதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. பிட்டின் பேரனும் கொள்ளுப்பேரனும் பிரிட்டனின் பிரதமர்கள் ஆனார்கள். ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் உட்ஹால் பார்க் என்ற மாளிகையும் உண்டு. 1770களில் அதைக் கட்ட ஆரம்பித்த தாமஸ் ரம்போல்டு மதராஸ் கவர்னராக இருந்தவர். அவருக்குப் பிறகு அதை வாங்கிய பால் பென்ஃபீல்டு, ஆற்காட்டு நவாப்புக்குக் கடன் கொடுத்தே பணக்காரர் ஆனவர். அந்தக் கடனுக்கும் வட்டிக்கும் ஈடாக வைக்கப்பட்டது நம் கிராமங்களின் வரி வசூல். இப்போது அந்த மாளிகை ஒரு பள்ளிக்கூடம். பழைய வீடுகளையும் நிலங்களையும் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட், 2020இல் தன்னிடம் இருக்கும் இடங்களில் 93க்கு அடிமை வியாபாரத்தோடோ காலனி ஆட்சியோடோ தொடர்பு உண்டு என்று அறிக்கை போட்டபோது இங்கே சிலர் கொதித்துப் போனார்கள். எனக்கு ஆச்சரியம், 93தானா என்று.

வீடு பெரிதானதும் ஊர் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. டார்செட்டில் மிடில்டன் என்று ஒரு சந்தை ஊர் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் ஊர் தெரிகிறது என்பதால் லார்டு மில்டன், 1770களிலும் 80களிலும் ஊரையே இடித்துவிட்டு, தள்ளி ஒரு பள்ளத்தாக்கில் புதுக் கிராமம் கட்டிக் கொடுத்தார். தெருவின் இரண்டு பக்கமும் ஒரே அச்சில் வார்த்த வெள்ளைச் சுவர், கூரை வேய்ந்த வீடுகள். மில்டன் அப்பாஸ் என்ற அந்தக் கிராமம்தான் இன்றைக்குக் காலண்டர் படங்களில் வரும் 'அழகிய ஆங்கிலக் கிராமம்'. மேயும் மாடு தெரிய வேண்டும், ஆனால் வேலி தெரியக் கூடாது என்பதற்காக வெட்டிய பள்ளச் சுவருக்கு 'ஹா-ஹா' என்று பெயர். வீட்டிலிருந்து பார்த்தால் புல்வெளி ஒரே சீராகப் போவதுபோல இருக்கும், மாடு மட்டும் தாண்டி வர முடியாது. ஊர் தெரியாமல் இருக்க அந்தளவு தந்திரம்கூடத் தேவையில்லை, வரிசையாக மரம் நட்டால் போதும்.

எதிர் வீட்டுப் பாட்டியின் கதைக்கு இப்போது வரலாம். 1940இல் பிறந்தவர். என்னை 'மி டக்' என்றுதான் கூப்பிடுவார். வாத்து என்று அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம், இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது நம் 'கண்ணு' மாதிரி. அவர் அப்பா எஸ்டேட் தச்சர், அம்மா கல்யாணத்துக்கு முன் ஹவுஸின் சலவைக்கூடத்தில் வேலை செய்தவர். குடியிருந்தது வேலையோடு சேர்த்துக் கொடுத்த வீட்டில்.

எஸ்டேட் வீடு என்றால் கதவைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். ஒவ்வோர் எஸ்டேட்டுக்கும் ஒரு நிறம். சசெக்ஸில் கவ்ட்ரே எஸ்டேட் வீடுகளின் கதவும் ஜன்னலும் வெகு காலமாக மஞ்சள், அந்தப் பக்கம் கார் ஓட்டிப் போனால் எந்த வீடு யாருடையது என்று மஞ்சள் சொல்லும். பாட்டியின் ஊரில், அதாவது இப்போது என் ஊரில், அது கறுப்பை ஒட்டிய பச்சை. பெயிண்ட் அடிப்பது அப்பாவின் வேலைகளில் ஒன்று. ஒருமுறை டப்பாவில் மிச்சமிருந்ததை அண்ணன் யாருக்கும் தெரியாமல் எடுத்து, பழைய குழந்தை வண்டிச் சக்கரங்களை வைத்துத் தான் செய்திருந்த தள்ளுவண்டிக்கு அடித்துவிட்டான். வண்டி தெருவில் இறங்கிய அரை மணி நேரத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது. அந்த நிறம் வேறு எங்கேயும் கிடைக்காதே! அப்பா அன்று மாலையே உட்கார்ந்து கண்ணாடிச் சில்லால் முழு வண்டியையும் சுரண்டினாராம். அண்ணனைத் திட்டவில்லை, சுரண்டிக்கொண்டே இருந்தார் என்பார் பாட்டி.

பாட்டியின் முதல் ஞாபகத்தில் ஹவுஸ் ராணுவத்தினுடையது. போர்க்காலத்தில் பெரிய வீடுகள் பலவற்றை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. சாட்ஸ்வர்த் மாளிகைக்கு ஒரு பெண்கள் பள்ளிக்கூடமே குடிவந்தது, பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானியரின் ரகசியக் குறிகளை உடைத்தார்கள். இங்கே வந்தது சிப்பாய்கள். பூங்கா முழுக்க அரை உருளைத் தகரக் கொட்டகைகள். ஹவுஸ் என்றால் சிப்பாய்கள் குடியிருக்கும் இடம் என்றே ஐந்து வயது வரை நினைத்திருக்கிறார். 1946 கோடையில், வீடில்லாத குடும்பங்கள் நாடு முழுக்கக் காலியான ராணுவ முகாம்களில் போய்க் குடியேறினார்கள். இந்தக் கொட்டகைகளிலும் சில குடும்பங்கள் வந்து சேர்ந்தன. பாட்டியின் நெருங்கிய தோழி ஒரு கொட்டகைப் பெண். இதை அவர் எப்போதும் சொல்லிச் சிரிப்பார்: "லார்டின் பூங்காவுக்குள் வீடு இருந்த ஒரே ஆள் என் சிநேகிதிதான்."

உள்ளே அவர் போனது சமையல்கட்டு முற்றம் வரைக்கும். அப்பா மறந்துவிட்டுப் போன சாப்பாட்டைக் கொடுக்கப் போவார். கல் பாவிய நடை, எப்போதும் ஈரம், சோப்பும் வேகவைத்த முட்டைக்கோஸும் கலந்த வாசனை. நடையின் சுவரில் உயரே மணிகளின் வரிசை, ஒவ்வொன்றும் சுருள் கம்பியில் தொங்கும், கீழே எந்த அறை என்று எழுதியிருக்கும். மாடியில் கயிற்றை இழுத்தால் இங்கே மணி அடிக்கும். இதில் ஒரு நுட்பம்: மணி ஓய்ந்த பிறகும் கம்பி கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டே இருக்கும்படி செய்திருப்பார்கள். கைவேலையாக இருந்துவிட்டு ஓடிவரும் வேலைக்காரப் பெண், ஆடுவது எது என்று பார்த்து எந்த அறை என்று தெரிந்துகொள்ளலாம். பாட்டி பார்த்த காலத்தில் இருபதுக்கு மேல் மணிகள் இருந்தன, இரண்டே இரண்டுதான் ஆடின. வீட்டின் பெரும்பகுதியைப் பூட்டிவிட்டார்கள், வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. போர்க்காலத்தில் ஆயுதத் தொழிற்சாலையில் சம்பளம் வாங்கிப் பழகிய பெண்கள், விடிகாலையில் எழுந்து அடுத்தவர் அடுப்புச் சாம்பல் அள்ளத் திரும்பி வரவில்லை.

மற்ற ஞாபகங்கள் கலவையானவை. கிறிஸ்துமஸுக்கு ஊர்ப் பிள்ளைகளை அழைத்து ஆளுக்கோர் ஆரஞ்சு கொடுப்பார்கள், வரிசையில் நின்று முழங்காலை லேசாக மடித்து நன்றி சொல்ல வேண்டும். சர்ச்சில் ஹவுஸ் குடும்பத்துக்குத் தனி அடைப்பு, அதற்குள் கணப்பு அடுப்பும் உண்டு. மற்றவர்கள் குளிரில் நடுங்கிக்கொண்டே பிரசங்கம் கேட்க வேண்டும். குளிர்காலத்தில் பறவை வேட்டை நடக்கும். பையன்கள் வரிசையாக நின்று, மரத்தைக் குச்சியால் தட்டிக்கொண்டே காட்டுக்குள் நடந்து, பதுங்கியிருக்கும் பறவைகளை மறுபக்கம் துப்பாக்கியோடு நிற்பவர்களை நோக்கிக் கிளப்பிவிட வேண்டும். அரை கிரவுன் காசும் சூடான சூப்பும் கூலி. அண்ணனுக்கு அந்த நாட்களைப் போலப் பிடித்தது வேறெதுவும் இல்லை. அதே காட்டில் மற்ற நாளில் கால் வைத்தால் காவல்காரர் காதைத் திருகுவார்.

அப்பா இறந்தது ஒரு நவம்பரில். மார்ச் 25க்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லி எஸ்டேட் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இங்கே பழைய குத்தகைக் கணக்குகள் மார்ச் 25, செப்டம்பர் 29 இரண்டு நாட்களில்தான் முடிந்து தொடங்கும். கடிதம் மரியாதையாகத்தான் எழுதியிருந்தது, இரங்கல்கூட இருந்தது. வேலையோடு வந்த வீடு, வேலை செய்தவர் போனதும் போய்விட வேண்டியதுதான். பண்ணைத் தொழிலாளர்களுக்கு இதிலிருந்து சட்டப் பாதுகாப்பு வந்தது 1976இல். அம்மாவும் பிள்ளைகளும் தெருக் கோடியில் புதிதாகக் கட்டியிருந்த கவுன்சில் வீட்டுக்கு (உள்ளாட்சி கட்டி வாடகைக்கு விடும் வீடு) மாறினார்கள். பாட்டி இன்னும் இருப்பது அதே வீட்டில்தான். கவுன்சில்காரர்கள், கதவுக்கு என்ன நிறம் வேண்டும், இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டார்களாம். அம்மாவுக்கு பதில் சொல்லத் தெரியவில்லை. முன்பின் யாரும் கேட்டதில்லையே.

சுவருக்கு அந்தப் பக்கமும் நிலைமை சரிந்துகொண்டுதான் இருந்தது. 1870களில் அமெரிக்கக் கோதுமை வந்து இறங்கியதிலிருந்து நிலத்தில் வருமானம் குறைந்தது. 1894இல் எஸ்டேட் வரி, அதாவது சொத்துக்காரர் செத்ததும் அவர் சொத்தின் மேல் விழும் வரி, வந்தது, உச்ச விகிதம் 8 சதவீதம். 1919இல் 40, 1949இல் 80. போரில் அப்பாவும் மகனும் அடுத்தடுத்துச் செத்த குடும்பங்கள் வரி கட்டியே ஒழிந்தன. கூரையைப் பிரித்து ஈயத்தை விற்று, படிக்கட்டை விற்று, கடைசியில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1950களின் நடுவில்தான் இந்த இடிப்பு உச்சம். இருபதாம் நூற்றாண்டில் மண்ணோடு போன பெரிய வீடுகள் ஆயிரத்துக்கும் மேல். தப்பியவற்றில் சில பள்ளி, சில ஹோட்டல், சில நேஷனல் டிரஸ்டிடம். 1937இல் வந்த சட்டத் திருத்தத்தால், வீட்டை டிரஸ்டுக்கு எழுதிவைத்துவிட்டு அதிலேயே குடும்பம் குடியிருக்கலாம் என்று வழி பிறந்தது.

இதில் ஊர்க்காரர்கள் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. யார்க்‌ஷயரில் வென்ட்வொர்த் உட்ஹவுஸ் என்று ஒரு மாளிகை, கிழக்கு முகப்பு மட்டும் ஏறக்குறைய 185 மீட்டர். சுற்றிலும் அந்தக் குடும்பத்தின் நிலக்கரிச் சுரங்கங்கள். 1946இல் லேபர் அரசின் எரிபொருள் அமைச்சர் ஷின்வெல், வீட்டு வாசல் வரைக்கும் பூங்காவைத் தோண்டி நிலக்கரி எடுக்க உத்தரவிட்டார். எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர்கள் யார்க்‌ஷயர் சுரங்கத் தொழிலாளர்கள்! அவர்கள் சங்கத் தலைவர் ஜோ ஹால், பிரதமர் அட்லியிடமே முறையிட்டார். வாரக் கடைசியில் பிள்ளைகளோடு போய் உட்கார அவர்களுக்கு இருந்த பச்சை அது ஒன்றுதான். அப்படியும் அரசு தோண்டியது, வீட்டுக்குக் கிட்டே வரைக்கும் மண் மேடு வந்தது. 2017இல் ஓர் அறக்கட்டளை அந்த வீட்டை 70 லட்சம் பவுண்டுக்கு வாங்கி, பழுதுபார்க்க ஆரம்பித்தது.

டார்செட் கடற்கரையில் டைன்ஹாம் கதை வேறு மாதிரி. 1943 டிசம்பரில் பீரங்கிப் பயிற்சிக்காக ஊரையே காலி செய்யச் சொன்னார்கள். போர் முடிந்ததும் திரும்பலாம் என்று நம்பிப் போனவர்கள் திரும்பவே இல்லை. ஊர் இன்னும் ராணுவத்திடம்தான். பெரும்பாலோர் மேனர் குடும்பத்தின் குத்தகைக்காரர்கள், வீடு அவர்கள் பெயரில் இல்லை. அதனால் அவர்களுக்குக் கிடைத்த நஷ்ட ஈடு, தோட்டத்தில் விளைந்து நின்ற காய்கறிக்கு மட்டும். எலிசபெத் காலத்து மேனர் ஹவுஸையும் பிறகு பெரும்பாலும் இடித்துவிட்டார்கள். இப்போது வாரக் கடைசியில் போய்ப் பார்க்கலாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் பெயரோடு கோட்டு மாட்டும் கொக்கிகள் வரிசையாக இருக்கின்றன.

எங்கள் ஊர் ஹவுஸ் இடிபடவில்லை. கோடையில் சில நாட்கள் டிக்கெட் வாங்கி உள்ளே போகலாம். போன வருஷம் நானும் பாட்டியும் போனோம். எண்பத்து நாலு வயதில் முதன்முதலாக மாடி ஏறினார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் தச்சு வேலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு. உள்ளே நின்ற தன்னார்வலர் ஓவியங்களை விளக்க ஆரம்பித்தார். பாட்டி அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நேராக ஜன்னலுக்குப் போனார். புல்வெளி, ஏரி, ஹா-ஹாவுக்கு அப்பால் மாடுகள், அதற்கும் அப்பால் அடர்த்தியாக ஒரு மர வரிசை. அதற்கு மேலே சர்ச் கோபுரத்தின் நுனி மட்டும் ஊசி மாதிரி தெரிந்தது.

"ஊர் எங்கே?" என்றார்.

ஊர் தெரியாமல் இருப்பதற்காகத்தான் இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அந்த மரங்களை நட்டார்கள் என்று தன்னார்வலர் கொஞ்சம் சங்கடத்தோடு சொன்னார். பாட்டி கண்ணைச் சுருக்கிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"திங்கட்கிழமை தெரிந்திருக்கும், மி டக்" என்றார் என்னிடம். "திங்கட்கிழமை துவைக்கிற நாள். காலை ஆறு மணிக்கு ஊர் முழுக்க வெந்நீர் அண்டா கொதிக்கும். அவ்வளவு புகையும் இந்த மரத்துக்கு மேலேதான் வரணும்."

கீழே இறங்கும்போது சலவைக்கூடம் எந்தப் பக்கம் என்று விசாரித்தார். அது இப்போது டீக்கடை. ஆளுக்கொரு ஸ்கோன் சாப்பிட்டுவிட்டு நாலு பத்து பஸ்ஸைப் பிடித்தோம்.